அளவு என்னும் அமானிதம்



சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் வெடிக்கும் இரசாயனக் கலவைக்கு ‘மருந்து’ என்றே பெயர். என் அத்தா அங்கே போர்மேனாகப் பணிபுரிந்தவர்கள். ஓர் அறையில் எவ்வளவு மருந்து இருக்கலாம், எத்தனை பேர் அமரலாம் என்பதற்கெல்லாம் வரம்பு உண்டு என்று சிறுவயதிலேயே சொல்லித் தந்தார்கள். அந்தப் பாடத்தை என் உடலுக்குப் பொருத்திப் பார்க்க நான் தவறினேன்.

திருமணமாகி ஏழாண்டுகள் குழந்தையில்லை. விருதுநகரில் வலீமா விருந்துக்குச் சென்றாலும் மௌத் வீட்டுக்குச் சென்றாலும் அதே விசாரிப்பு. மணவாழ்வுக்குள் கணவன், மனைவியின் உயிரணுக்களை மட்டும் கொண்டு செய்யும் சோதனைக்குழாய்ச் சிகிச்சையை மார்க்க அறிஞர்கள் பலர் அனுமதித்துள்ளனர். மூன்றாமவரின் உயிரணுவுக்கு இடமில்லை. இதைக் கேட்டறிந்த பின்னரே மதுரைக்குச் சென்றோம்.

இயல்பாக மாதத்திற்கு ஒரு கருமுட்டையே முதிரும். உடன் வளரத் தொடங்கியவை சுருங்கிவிடும். ஹார்மோன் ஊசி அவற்றையும் வளர்த்தெடுக்கிறது. எனக்குச் சினைப்பை நீர்க்கட்டி இருந்ததால் மருத்துவர் குறைந்த அளவிலேயே தொடங்கினார். “கூட்டிப் போடுங்கள்” என்று மன்றாடியவள் நான்தான். சற்றே கூட்டினார். பத்தொன்பது முட்டைகள் கிடைத்தன. மகிழ்ந்தேன். மூன்றாம் நாள் வயிறு வீங்கி, மூச்சுத் திணறியது.

அளவுக்கு மீறிச் சினைப்பை தூண்டப்பட்டதன் விளைவு அது. அந்நிலையில் கருத்தரித்தால் உபாதை இன்னும் கடுமையாகும். மேலும், ஹார்மோன் மிகும்போது கருப்பையின் உட்சுவர் தன் பருவத்தை முந்திவிடுகிறது. நல்ல கருவும் அதில் வேர்பிடிக்கத் தவறலாம். ஆகவே கருக்களை உறையவைத்துக் காத்திருக்கச் சொன்னார் மருத்துவர். நானோ, மாதம் வீணாயிற்றே என்று அழுதேன்.

இந்தக் காத்திருப்பு நம் நாட்டிற்குப் புதிதன்று என்று பின்னர் அறிந்தேன். 1978 ஜூலையில் இங்கிலாந்தில் பிறந்த முதல் சோதனைக்குழாய்க் குழந்தைக்கு, ஊசியின்றி இயல்பாக முதிர்ந்த ஒற்றை முட்டையே போதுமாயிருந்தது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் ‘துர்கா’ பிறந்தாள். அங்கே மருத்துவர் சுபாஷ் முகர்ஜி ஹார்மோனால் சினைப்பையைத் தூண்டினார். ஆனால் கருவை 53 நாட்கள் உறைநிலையில் வைத்திருந்து, வேறொரு மாதச் சுழற்சியில்தான் கருப்பையில் சேர்த்தார்.

“மருந்து கூடினால் வெளிச்சம் கூடும் என்று புதியவர்கள்தாம் நினைப்பார்கள், மகளே” என்றார்கள் அத்தா.

உடல் தணிந்த பின் வைத்த முதல் கரு தங்கவில்லை. இரண்டாவது தங்கியது. அல்ஹம்துலில்லாஹ், மகளுக்கு இப்போது இரண்டு வயது.

சகோதரிகளே, உங்களுக்கு இந்த அளவு ஏன் என்று மருத்துவரிடம் கேளுங்கள். கூட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். முட்டைகளின் எண்ணிக்கை கூடுவதால் அவற்றின் தரம் கூடிவிடாது. வயிறு வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குடும்பத்தாரே, அவசரப்படுத்தாதீர்கள்.

அனைத்தையும் அளவோடு படைத்தவன் அல்லாஹ். நம் உடல் அவன் தந்த அமானிதம். ஏங்கும் ஒவ்வொரு மடியையும் அவன் தன் அருளால் நிறைப்பானாக. ஆமீன்.