கடிக்கும் கிளியும் இரண்டு வாரக் கெடுவும்

எங்கள் வீட்டிற்கு வந்த காக்கட்டில் கிளிக்கு இது மூன்றாவது வீடு. முந்தைய இரு வீட்டாரும் சொன்ன காரணம் ஒன்றே: "கடிக்கிறது." இங்கும் முதல் வாரத்திலேயே என் மகளின் விரலில் இரத்தம் வரக் கடித்தது. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் என் கணவர். நான் இரண்டு வாரத் தவணை கேட்டேன்.

தொடாமல் அருகில் அமர்ந்து கவனித்துக் குறித்து வைத்தேன். கொண்டை தலையோடு படிந்து, வாய் திறந்து சீறினால், அஞ்சுகிறது, விலக வேண்டும். கொண்டை நெட்டுக்குத்தாக நின்றால் திடுக்கிட்டிருக்கிறது. சற்றே தளர்ந்து பின்சாய்ந்திருந்தால் அமைதி. உறங்குமுன் அலகை அரைக்கும் ஓசை மனநிறைவின் அடையாளம். (கோபத்தில் பல்லை நறநறவெனக் கடிக்கிறது என்றார் கணவர். கிளிக்குப் பல் ஏது!)

விரலில் ஏறுமுன் அலகால் பற்றிப் பார்ப்பது கடி அன்று. கிளையில் ஏறும்போதும் அலகால்தான் பிடிமானம் தேடும். அவ்வேளையில் கையை வெடுக்கென இழுத்தால், அந்தக் கையை அது மறுபடி நம்பத் தயங்கும்.

முதலாம் ஆண்டு வகுப்பில் ஒரு சிறுவன் நண்பனைக் கடித்தால், "திடீரென்று கடித்துவிட்டான்" என்றே நாமும் பெற்றோரிடம் சொல்கிறோம். அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தை யார் பார்த்தது?

என் குறிப்பேட்டில் பெரும்பாலான கடிகள் கூண்டுக்குள் கை நுழைந்தபோது நேர்ந்தவை. ஆகவே கை நுழைவதை நிறுத்தினோம். கதவைத் திறந்து, தினைக்கதிரை வெளியே நீட்டிக் காத்திருந்தோம். ஒன்பதாம் நாள் தானே வெளியே வந்தது.

கெடு முடிந்தபோது கடி முற்றிலும் நிற்கவில்லை, குறைந்திருந்தது. கணவர் அதன்பின் அப்பேச்சை எடுக்கவில்லை. துண்டை உதறினால் மட்டும் இன்றும் கொண்டை படிந்துவிடுகிறது. முந்தைய வீடுகளில் என்ன நேர்ந்ததோ!