குளிசையின் இரு பெயர்கள்

சென்ற ஆண்டு ஓயாத வயிற்றெரிவுடன் வெள்ளவத்தையில் ஒரு வைத்தியரிடம் சென்றோம். பரிசோதித்தவர் இரைப்பைப் புண் என்றார். மூன்று மருந்துகளை எழுதி, பதினான்கு நாட்கள் தவறாது உட்கொள்ளப் பணித்தார். உட்கொண்டோம், குணமடைந்தோம்.

இதே நோய்க்கு எமது பாட்டனார் இரைப்பையின் ஒரு பகுதியையே இழந்தார். கொட்டாஞ்சேனையில் குடியிருந்து துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர் அவர். காரமும் கவலையுமே புண்ணுக்குக் காரணம் என 1960களில் ஊரும் நம்பியது; வைத்திய உலகும் பெரிதும் அவ்வாறே நம்பியது. பால் குடித்துப் பார்த்தார். இறுதியிற் கத்திக்கு உட்பட்டார்.

பின்னர் அமிலச் சுரப்பை அடக்கும் மருந்துகள் வந்தன: 1976இல் சிமெற்றிடீன், 1988இல் ஒமிப்பிரசோல். இதற்கிடையே, 1982இல், அவுஸ்திரேலியரான வொறனும் மார்ஷலும் இரைப்பையில் வாழும் பற்றீரியா ஒன்றைப் பிரித்தெடுத்து வளர்த்தனர். அது நோய் விளைப்பதென நிறுவ மார்ஷல் அதனைத் தாமே பருகினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அறுவையின்றிப் புண்ணை ஆற்றும் வழி உலகுக்குக் கிடைத்தது.

ஆனால் அவ்வழி எல்லோருக்கும் திறந்திருக்கிறதா? எமது மாணவன் ஒருவனின் தாயாருக்கும் இதே சிகிச்சை விதிக்கப்பட்டது. அவர் ஏழு நாட்களுக்குரிய குளிசைகளையே வாங்கினார். மீதிக்குக் கையிற் காசில்லை. அரைகுறைச் சிகிச்சையிற் கிருமி எஞ்சும். எஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்க மறுக்கவுங்கூடும்.

சீட்டைப் பார்த்தோம். அதில் இருந்தவை கம்பனிகள் இட்ட பெயர்கள். அதே ஒமிப்பிரசோல் அதன் சொந்தப் பெயரில் அரசின் 'ஒசுசல'விற் குறைந்த விலைக்குக் கிடைத்தது. அத்தாய் அதனை அறிந்திலர். கற்றவர் எனப்படும் நாமுங்கூட எமது நோயின்போது கம்பனிப் பெயருக்கே பணம் கொடுத்திருந்தோம்!

இந்நாட்டிலே இவ்வறியாமைக்கு இடமிருத்தல் ஆகாது. பேராசிரியர் சேனக பிபிலே, கம்யூனிஸ்ட் தலைவரும் வைத்தியருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து 1971இல் அறிக்கை சமர்ப்பித்தது இதற்காகவே: மருந்தை அதன் பொதுப் பெயரால் எழுதுக, நாட்டுக்கு வேண்டியதை அரசே மொத்தமாக வாங்குக. அதன்வழி எழுந்ததே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம். 1977இல் பிபிலே கயானாவில் மறைந்தார். அதே ஆண்டிற் பதவியேற்ற அரசு இறக்குமதியைத் தனியாருக்குத் திறந்துவிட்டது.

அத்தாயார் வைத்தியரை மீண்டும் கண்டு, இம்முறை பதினான்கு நாட்களையும் நிறைவு செய்தார். நாமோ மறுவாரம் கரும்பலகையில் ஒரே குளிசையின் இரு பெயர்களையும் எழுதினோம். மாணவர் கேட்டனர்: "ஐயா, மருந்து ஒன்றானால் விலை ஏன் இரண்டு?"

அக்கேள்வியிலேயே அன்றைய பாடம் தொடங்கிற்று.