தொழுவத்தில் நிற்கும் ஹெரால்டு

மாட்டுப் பொங்கலன்று நான் போட்ட படத்தில், பசுவுக்குப் பின்னால் நீலமாக ஏதோ தெரிகிறதே, என்ன அது என்று பலர் கேட்டிருந்தீர்கள். அது கார். ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1966ஆம் வருஷத்து வண்டி, இரண்டு கதவு. எங்கள் வீட்டுக்காரர் மூன்று வருஷமாகத் தொழுவத்தில் வைத்து அதைப் பிரிப்பதும் மாட்டுவதுமாக இருக்கிறார். "ரிட்டையர் ஆனா எல்லாரும் காசி ராமேஸ்வரம் போறாக, அண்ணன் மட்டும் இரும்புக்குள்ள போறாரு" என்பது என் நாத்தனாரின் வாக்கு.

இந்தக் காரைப் பற்றி இளையவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் இந்தியாவில் சாதாரணமாகக் கண்ணில் படும் கார்கள் மூன்றுதான். அம்பாசிடர் கல்கத்தாவில் செய்தது, ஃபியட் பம்பாயில் செய்தது. நம்ம மெட்ராஸ் கார் ஹெரால்டு. வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையில் 1961 முதல் செய்தார்கள். மூலம் இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டு. 1959இல் வந்தது, வடிவமைத்தவர் ஜோவானி மிக்கலோட்டி என்ற இத்தாலிக்காரர். 948 சிசி எஞ்சின். முன்பக்கம் பானெட் மட்டும் தனியாகத் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட்டு எல்லாம் சேர்த்து மொத்த மூக்கும் முன்னால் சாயும். எஞ்சினைப் பார்க்க முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொள்ளலாம். எங்கள் வீட்டுக்காரர் அப்படித்தான் உட்கார்ந்து டீ குடிக்கிறார்.

ஹெரால்டு குடும்பக் கார்தான். ஆனால் அதே சேஸிஸை நீளம் குறைத்துத்தான் 1962இல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஸ்பிட்ஃபயருக்கு இன்றைக்கும் உலகம் முழுக்கப் பிரியர்கள் இருப்பதால் இங்கிலாந்தில் சாமான்கள் இப்போதும் விற்பனையாகின்றன. அதில் பல நம் ஹெரால்டுக்கும் பொருந்தும். மெட்ராஸில் ஹெரால்டின் கடைசி வாரிசாக 1972இல் கெஸல் என்றொரு நாலு கதவு வண்டி வந்து 1977இல் நின்றது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்று பெரிய கார் ஒன்று விட்டார்கள், அதுவும் மூன்றே வருஷம். கம்பெனியும் போய்விட்டது.

எங்கள் வண்டி அருப்புக்கோட்டையில் ஒரு டாக்டர் வைத்திருந்தது. அவர் காலமான பிறகு தோட்டத்துக் கொட்டகையில் முப்பது வருஷத்துக்கு மேல் கிடந்தது. சீமைக்கருவேலம் ஒன்று பின் சக்கரத்து இடைவெளி வழியாக முளைத்து, கிளை ஜன்னல் வழியாக வெளியே வந்திருந்தது. புகைக்குழாயில் குளவி கூடு கட்டியிருந்தது. பின் சீட்டில் எலிக் குடும்பம். இரும்புக் கடைக்காரர் எடை போட வந்துவிட்டார். ஏறக்குறைய எட்டு குவிண்டால் வரும். அந்தச் சமயத்தில்தான் இவர் போய் நின்றார்.

பஞ்சு மில்லில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்தவர். மில் மூடிய பிறகு ஒரு வருஷம் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், அவ்வளவுதான் பேச்சு. அதனால் அன்றைக்கு என் சேமிப்பிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்ததை நான் செலவாகவே நினைக்கவில்லை. டாக்டரின் பிள்ளைகள் நல்லவர்கள். ஆர்.சி. புத்தகத்தைத் தேடியெடுத்துக் கொடுத்து, பெயர் மாற்றத்துக்கும் கையெழுத்துப் போட்டார்கள்.

நம் வறட்டுச் சீமையை எல்லோரும் திட்டுகிறோம். இரும்புக்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது. கடற்கரை ஊராக இருந்தால் முப்பது வருஷத்தில் இந்தக் காரைக் கூட்டித்தான் அள்ளியிருக்க வேண்டும். இங்கே சேஸிஸ் முழுசாக இருந்தது. தரைத்தகடு மட்டும், மேட்டுக்கு அடியில் மழைத்தண்ணீர் தேங்கிய இடத்தில், இரண்டு உள்ளங்கை அளவு ஓட்டை. அதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தாயிற்று. வெயில் தின்றது ரப்பரை. கதவு பீடிங், கண்ணாடி ரப்பர், புஷ், பிரேக் சிலிண்டரில் இருக்கும் கப் எல்லாம் விரலால் தொட்டால் அப்பளம் போல நொறுங்கின. புதுப்பேட்டையில் சில கிடைத்தன, மற்றவை இங்கிலாந்திலிருந்து வந்தன. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருப்பதால் பழைய ரப்பர் அதைத் தாங்காது. பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம், ஹோஸ் எல்லாவற்றையும் அதற்கேற்ற சாமானாகப் போட்டோம்.

ஸ்பானர் கதை தனி. வண்டியின் நட்டு போல்ட்டெல்லாம் இஞ்ச் கணக்கு. அரை இஞ்ச் என்றால் 12.7 மில்லிமீட்டர். நம்மிடம் இருப்பது 13. அந்த 0.3 இடைவெளியில் அறுபது வருஷ நட்டு முனை மழுங்கிவிடும். தெருப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் வேடிக்கை பார்க்க வருவார்கள். பழக்கதோஷம், நான் விடவில்லை. 7/16 இஞ்ச் எத்தனை மில்லி, 9/16 எத்தனை மில்லி என்று கரும்பலகையில் போடச் சொன்னேன். பின்னம் என்றால் ஓடுகிற ஒரு பையன் 11.1 என்று சரியாகச் சொல்லிவிட்டு, "அப்ப 11 நம்பர் ஸ்பானர் நுழையாது டீச்சர்" என்றான். பள்ளிக்கூடத்தில் இருந்தபோது எனக்கு இப்படி ஒரு கார் கிடைத்திருக்கலாம்.

இனிச் சண்டைக்கு வருகிறேன். எங்கள் மகன் ஓசூரில் வாகன உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவன் சொன்னது: "இந்த எஞ்சின கடாசுங்கப்பா. மாருதி எஞ்சின் போடுவோம், அஞ்சு கியர், ஏசி. கூரையக் கழட்டிட்டா ஸ்பிட்ஃபயர் மாதிரியே இருக்கும்." கூரை போல்ட்டில் நிற்பதுதான், கழற்றலாம், உண்மை. சித்திரை வெயிலில் திருச்சுழி ரோட்டில் கூரையில்லாத காரா என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை. அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "அப்ப அது ஹெரால்டு இல்ல, மாருதிக்கு ஹெரால்டு சட்ட மாட்டின மாதிரி." அந்தத் தீபாவளிக்கு இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. எண்ணெய்ச் சட்டிக்கும் தொழுவத்துக்கும் நடுவே நான்தான் தபால்காரி.

மகன் பக்கத்திலும் நியாயம் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். வீட்டிலேயே காரை மாற்றிக் கட்டுவது நம்மவர்களுக்குப் புதிதில்லை. சோழவரத்தில் யுத்தகால விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில், வீட்டுக் கொட்டகையில் வண்டியை மாற்றிக் கொண்டுவந்து ஓட்டியவர்கள் உண்டு. கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் காரே செய்தார். நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியது அந்த வகைக் காரைத்தான். 1995இல் விமான விபத்தில் கரிவரதன் இறந்தது பெரிய இழப்பு. ஆகவே மாற்றுவதே பாவம் என்ற கட்சி இல்லை நான். எதை மாற்றுவது என்பதுதான் கேள்வி.

ஹெரால்டில் அவசியம் கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. முன் சக்கரம் திரும்பும் இடத்தில் ட்ரன்னியன் என்று ஒரு வெண்கலக் கட்டை இருக்கிறது. மறை போட்ட இரும்புத் தண்டு அதற்குள் திரும்புகிறது. அதற்கு கியர் ஆயில்தான் விட வேண்டும். நம் பட்டறைகளில் நிப்பிளைப் பார்த்தாலே கிரீஸ் கன்னை வைத்து அடித்துவிடுவார்கள். எங்கள் வண்டியில் பிரித்துப் பார்த்தபோது உள்ளே கிரீஸ் காய்ந்து கல்லாகி, தண்டின் மறையைத் துரு தின்றிருந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிப் படுத்திருக்கும். என் பழைய மாணவர் ஒருவர் அருப்புக்கோட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். "கடைஞ்சு தரவா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு அவரே யோசித்து, "வேணாம் டீச்சர், இது உயிர் சாமான். ஒரிஜினலே வாங்கிருங்க" என்றார். வருமானத்தை விட்டுக்கொடுத்துச் சொன்ன சொல். புதிதாகவே வரவழைத்தோம்.

இரண்டாவது பின் அச்சு. அது ஒரே தண்டு இல்லை. நடுவில் கதவுக் கீல் போல மடங்கும் இரண்டு பாதிகள். வளைவில் வேகமாகப் போய்ப் பயந்து பிரேக் அடித்தால் வண்டியின் பின்பக்கம் எழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடியும். கால் பிசகி நடப்பவரைப் போல. இங்கே வாங்கியவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் இந்த அச்சு பிடிக்காததால்தான் கெஸலில் ஒரே தண்டு அச்சு வைத்தார்கள். இங்கிலாந்தில் வேறு வழி கண்டார்கள். 1970இல் வந்த ஸ்பிட்ஃபயரில், குறுக்கே போகும் வில்பட்டையின் ஒரு பட்டையை மட்டும் இறுக்கி, மற்றவற்றை நடுவில் ஆடவிட்டார்கள். சக்கரம் மடிவது பெரிதும் குறைந்தது.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னது மகன்தான். ஒருநாள் ராத்திரி வீடியோவில் கூப்பிட்டு, இரண்டு ஸ்கேலையும் ஒரு ரப்பர் பேண்டையும் வைத்து அப்பாவுக்கு விளக்கினான். அவர் பதினைந்து நிமிஷம் பேசாமல் கேட்டுவிட்டு, "அந்தப் பட்ட எங்க கிடைக்கும்?" என்றார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

சட்டமும் இதில் இருக்கிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். 2021இல் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்கு விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் ஆகியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் இவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். மாருதி எஞ்சின் போட்டால் இந்த வழி அடைபடும். சாதாரணப் பதிவிலும் எஞ்சின் மாற்ற முன் அனுமதி வேண்டும். 2019இல் உச்ச நீதிமன்றம், கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது. இதைப் படித்துக் காட்டியதும் எஞ்சின் பேச்சு ஓய்ந்தது.

"விண்டேஜ்னு பதிஞ்சா திருச்சுழி கோயிலுக்குப் போகலாமா?" என்று இவர் கேட்டார். கோயில் கண்காட்சி இல்லையே. எங்கள் ஊரிலிருந்து திருமேனிநாதர் கோயில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். கல்யாணமான புதிதில் சைக்கிளில் டபுள்ஸ் போன வழி. இந்த மனுஷன் மூன்று வருஷமாக எதற்காக முட்டி தேய்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆகவே சாதாரணப் பதிவைப் புதுப்பிக்க முடிவு செய்தோம். கட்டணம் கூடுதல், வண்டியைக் காட்டித் தகுதி வாங்க வேண்டும். ஒரு புரோக்கர் "இதெல்லாம் ஸ்கிராப்புதான் சார்" என்று சொல்லிப் பார்த்தார். அவரை விட்டுவிட்டு நாங்களே விண்ணப்பம் தயார் செய்துகொண்டிருக்கிறோம்.

எஞ்சின் போன ஆடியில் முதல் தடவை உயிர் பெற்றது. சத்தத்தில் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான், அதைப் புது கப் போட்டு அப்படியே வைத்திருக்கிறோம். சீட் பெல்ட் மட்டும் என் கட்டளை, சேஸிஸில் பிடித்து நான்கு. டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர். எங்கள் உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றத் தடை. ஏசி கிடையாது, மகனுக்கு அதில் இன்னும் வருத்தம்.

வில்பட்டை மாட்டியாயிற்று. முன் கண்ணாடி ரப்பர் வர வேண்டும். மகன் அடுத்த மாதம் நாலு நாள் லீவில் வருகிறான். இரண்டு பேரும் சேர்ந்து கண்ணாடி வைக்கப் போகிறார்களாம். யார் உள்ளே உட்கார்ந்து தள்ளுவது, யார் வெளியே நின்று கயிறு இழுப்பது என்று இப்போதே போனில் வாக்குவாதம் நடக்கிறது.