மருத்துவமனைக்கு வழி இருக்கிறதா?

பந்தயத் தடத்தில் கொடி பிடிக்கும் மார்ஷலுக்கு முதல் பாடம் வேகத்தைப் பற்றியதல்ல, ஆம்புலன்ஸைப் பற்றியது. அது தன் இடத்தில் நிற்காவிட்டால் கார்கள் தடத்தில் இறங்கக் கூடாது. அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு அது கிளம்பிவிட்டால், மாற்று வண்டி வரும்வரை பந்தயம் காத்திருக்கும். பெங்களூரு ஈஜிபுராவிலிருந்து சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் நடக்கும் பந்தயங்களுக்குப் போய்வரும் எனக்கு இந்த விதியின் அருமை தெரியும். 2017இல் தொடங்கிய எங்கள் பகுதி மேம்பாலப் பணி ஆண்டுக்கணக்காக இழுத்துக்கொண்டே போனது. பக்கத்திலிருக்கும் செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனைக்குக்கூட ஆம்புலன்ஸ் ஊர்ந்து போவதை நாங்கள் தினமும் பார்த்தோம்.

ஃபார்முலா 1 போட்டியும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டதுதான். 2017 ஏப்ரலில் ஷாங்காயில் மூடுபனியால் மருத்துவ ஹெலிகாப்டர் மருத்துவமனையில் இறங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமையின் இரண்டாம் பயிற்சிச் சுற்றையே ரத்து செய்தார்கள். பனிக்கு உள்ள இந்த விதி, கலவரத்துக்கும் போருக்கும் ஏன் இல்லை?

பஹ்ரைனை எடுத்துக்கொள்வோம். 2011இல் மக்கள் கிளர்ச்சியால் அங்கே பந்தயம் ரத்தானது. காயமடைந்த போராட்டக்காரர்களுக்கு மருத்துவம் பார்த்த சல்மானியா மருத்துவமனை மருத்துவர்களும் செவிலியர்களும் கைதானார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் இருபது மருத்துவப் பணியாளர்களுக்குச் சிறப்பு நீதிமன்றம் 5 முதல் 15 ஆண்டுவரை சிறைத்தண்டனை விதித்தது. அவர்களின் மேல்முறையீடு முடியும் முன்பே, 2012 ஏப்ரல் 22இல் பந்தயம் நடந்தது. நம் நாட்டுப் பெயரைத் தாங்கிய ஃபோர்ஸ் இந்தியா அணியினரின் கார் அருகே பெட்ரோல் குண்டு விழுந்தது. இருட்டுவதற்குள் விடுதிக்குத் திரும்புவதற்காக அந்த அணி ஒரு பயிற்சிச் சுற்றையே விட்டுக்கொடுத்தது. ஓட்டுநருக்கு அடிபட்டால் காப்பாற்ற மருத்துவர் தயார். ஊர்க்காரருக்கு அடிபட்டால் காப்பாற்றிய மருத்துவர் சிறையில். இந்த இரண்டையும் ஒரே பாதுகாப்புச் சான்றிதழுக்குள் அடக்க என் மனம் ஒப்பவில்லை.

2022 மார்ச் 25இல் சவூதி அரேபியாவின் ஜெட்டாவில் ஃபார்முலா 1 பயிற்சி நடக்கும்போதே எண்ணெய்க் கிடங்கு தாக்கப்பட்டது. ஓட்டுநர்கள் நள்ளிரவு தாண்டியும் கூடிப் பேசினார்கள். பிறகு பந்தயத்துக்குச் சம்மதித்தார்கள். அவர்களுக்காவது பேச ஓர் அறை இருந்தது. கொடி பிடிப்பவர்களுக்கும் வேலியோரம் நிற்பவர்களுக்கும் அப்படி ஓர் இடம் எங்கேயும் கிடையாது.

அதன் விலை என்ன என்பதை இலங்கையில் பார்த்தோம். ஈஸ்டர் குண்டுவெடிப்பும் பொருளாதார நெருக்கடியும் ஐந்தாண்டு நிறுத்திவைத்த ஃபாக்ஸ் ஹில் பந்தயம் 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவையில் மீண்டும் நடந்தது. நொந்துபோன ஒரு நாடு கொண்டாட்டத்தைத் தேடியது நியாயமே. ஆனால், தடம் விலகிய ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் நால்வர் தடப் பணியாளர்கள், ஒருத்தி எட்டு வயதுச் சிறுமி.

சென்னையில் சரியான முன்மாதிரி இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நகரை மூழ்கடித்தபோது தீவுத்திடல் ஃபார்முலா 4 பந்தயத்தைத் தள்ளிவைத்தார்கள். காவலரும் ஆம்புலன்ஸ் பணியாளரும் அப்போது மக்களுக்குத் தேவைப்பட்டார்கள். அடுத்த ஆகஸ்ட் இறுதியில் அதே பந்தயம் சிறப்பாக நடந்தது.

பந்தயத்தால் பிழைப்பவர்கள் நஷ்டப்படுவார்களே என்பார்கள். உண்மைதான், அந்த நஷ்டத்தை ஈடுகட்டும் வசதி பந்தயத்தை நடத்துபவர்களிடம் இருக்கிறது. ஒப்பந்தம் போடும் முன்பே அவர்கள் ஒன்றைக் கேட்க வேண்டும்: அந்த ஊரில் அடிபட்ட எவரும் மருத்துவமனைக்குப் போகலாமா, அவருக்கு மருத்துவம் பார்ப்பவர் பயமின்றி வீடு திரும்பலாமா? இல்லையென்றால் சிவப்புக் கொடியை அங்கேயே காட்டிவிட வேண்டும்.