விக்ரோலியும் குர்லா மோட்டார் ஆலையும்

பம்பாய்க்கு வந்து குடியேறிய நம்மவர்க்கு மாதுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய பெயர்கள் பழகிய அளவுக்கு விக்ரோலியின் பெயர் பழகியதில்லை. மாதுங்காவுக்குக் கோயிலும் காப்பிப்பொடியும், தாராவிக்குத் தோல் தொழிலும் பெயர் தேடித் தந்தன. விக்ரோலிக்குப் பெயர் தந்தது இரும்பு. பூட்டு, பீரோ, தட்டெழுத்துப்பொறி, குளிர்பெட்டி என நாட்டின் மூலை முடுக்குகளுக்கெல்லாம் சென்ற பண்டங்கள் இவ்வூர்ப் பட்டறைகளில் உருவாயின. ஆலைத் தொழிலை நம்பிப் பிள்ளைகளை வளர்க்கும் குடும்பத்தார் ஒரு முறையேனும் சென்று கருத்தூன்றிப் பார்க்க வேண்டிய ஊர் இது.

செல்லும் வழி எளிது. தாராவியில் இருப்போர் சயானில் மெது வண்டி ஏறினால் குர்லா, வித்யாவிகார், காட்கோபர் கடந்து நான்காவது நிலையம் விக்ரோலி. செம்பூரிலிருந்து வருவோர் குர்லாவில் வண்டி மாற வேண்டும். 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணாவுக்குச் சென்ற இந்தியாவின் முதற் பயணிகள் இரயில் இப்பாதையிலேதான் ஓடியது. பாதைக்கு மேற்கே பழைய ஆக்ரா சாலை. இன்று அதற்கு லால்பகதூர் சாஸ்திரி மார்க்கம் என்று பெயர். கிழக்கே விரைவு நெடுஞ்சாலை. அதற்கும் அப்பால் தாணா உப்பங்கழி.

நிலையத்தை விட்டு மேற்கே சென்றால் குன்றின் சரிவில் பார்க் சைட் குடியிருப்புகள் அடுக்கடுக்காய் ஏறி நிற்கின்றன. கிழக்கே தாகூர் நகரும் கன்னம்வார் நகரும் உள்ளன. கன்னம்வார் நகர், 1962, 1963ஆம் ஆண்டுகளில் மராட்டிய மாநிலத்தின் முதலமைச்சராக இருந்த மாரோத்ராவ் கன்னம்வாரின் பெயரைத் தாங்கியது. சிறு வருவாயினர்க்கென்று எழுந்த அவ்வீடுகளில் பலவும் இன்று இடிக்கப்பட்டு மாடமாளிகைகளாய் வளர்ந்து வருகின்றன. அவற்றை அடுத்து, மதிற்சுவர்களுக்குள்ளே மரங்கள் சூழக் கிடப்பது பிரோஜ்ஷா நகர். கோத்ரெஜ் நிறுவனத்தின் ஆலைகளும் அதன் ஊழியர் குடியிருப்புகளும் அங்கேதான் அமைந்துள்ளன.

அர்தேஷிர் கோத்ரெஜ் 1897இல் பூட்டுச் செய்யத் தொடங்கினார். அவருடைய தம்பி பிரோஜ்ஷா 1940களில் விக்ரோலி நிலத்தை வாங்கினார். சேறும் புதரும் நிறைந்திருந்த நிலம் அது. விடுதலை பெற்ற சில ஆண்டுகளுக்குள் அங்கே பட்டறைகள் எழுந்தன. நம் நாட்டின் முதற் பொதுத் தேர்தலுக்கென 1951இல் இங்கே 12 லட்சத்துக்கு மேற்பட்ட எஃகு வாக்குப் பெட்டிகள் செய்யப்பட்டன. ஏட்டறிவு இல்லாத உழவனும் முதன்முறையாக நாட்டின் ஆட்சியைத் தீர்மானித்த அந்நாளில், அவன் சீட்டு விழுந்த பெட்டி விக்ரோலித் தொழிலாளியின் கைபட்டதாக இருந்திருக்கக் கூடும்.

1955இல் தட்டெழுத்துப்பொறி வந்தது. இதை நம்மவர் எளிதில் மறக்க இயலாது. ஊரில் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் தேறி, அந்தச் சான்றிதழ் ஒன்றையே முதலாகக் கொண்டு மாதுங்காவில் வந்து இறங்கிய இளைஞர் எத்தனை பேர்! அவர்கள் கோட்டைப் பகுதி அலுவலகங்களில் தட்டிய பொறிகளுள் பல விக்ரோலியில் பிறந்தவை. பின்னர்க் கணினி வந்தது; தட்டெழுத்துப்பொறித் தொழில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. பொறி போயிற்று, ஆனால் நுண்ணிய இரும்பு உறுப்புகளை மயிரிழை பிசகாமல் செய்யும் கைத்திறன் விக்ரோலியை விட்டுப் போகவில்லை.

அத்திறனே இன்று விண்ணை எட்டியுள்ளது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இராக்கெட்டுகளில் பொருத்தப்படும் விகாஸ் எஞ்சின்கள் விக்ரோலியிலும் செய்யப்படுகின்றன. அவ்வெஞ்சின்களை எரித்துச் சோதிக்கும் களம் எங்கே இருக்கிறது தெரியுமா? திருநெல்வேலிச் சீமையின் மகேந்திரகிரியில்! நெல்லைப் பக்கத்தினின்று பிழைப்புத் தேடி மனிதர் பம்பாய்க்கு வந்தனர். பம்பாயில் செய்த எஞ்சின் சோதனைக்காக நெல்லைப் பக்கம் செல்கிறது. மோட்டார் கார்களின் தகட்டு உடலை அழுத்தி வார்க்கும் அச்சுகளைச் செய்வதிலும் இந்நிறுவனம் பெயர் பெற்றது.

ஆலையோடு ஊழியர்க்கு வீடுகளும் எழுந்தன. அவர்தம் குழந்தைகளுக்கென 1955இல் உதயாச்சல் பள்ளி தோன்றியது. கழியோரத்து அலையாத்திக் காடுகளை வெட்டாமல் காத்து வருவதும் இந்நிறுவனத்தின் தொண்டுகளுள் ஒன்று. ஆயினும் ஆலை வீடு வேலை உள்ளவரைதான் என்பதை எவரும் மறக்கலாகாது. ஓய்வு பெறும் நாள் நெருங்கும்போதுதான் பல குடும்பங்களுக்குத் தமக்கென ஒரு கூரை இல்லை என்னும் உண்மை உறைக்கிறது.

விக்ரோலி, காட்கோபர் வட்டாரத்து இளைஞர்க்கு ஒரு காலத்தில் வேறோர் ஆசையும் இருந்தது. அதே ஆக்ரா சாலையில் தெற்கே சென்றால் குர்லா. அங்கே மோட்டார் கார் ஆலை. வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம், 1947இல் தன் முதல் வண்டியை வெளியிட்டது. பம்பாய்க்கு அதற்கு முன்னரே கார்த் தொழில் அறிமுகமாகியிருந்தது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் சிவ்ரியில் கார்களைப் பூட்டி விற்றது. உள்நாட்டிலேயே உறுப்புகளைச் செய்ய வேண்டும் என்று அரசு வற்புறுத்தியபோது, அக்கம்பெனி 1954இல் கடையைக் கட்டிக்கொண்டு போயிற்று. குர்லா ஆலையோ இத்தாலியின் பியட் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து நிலைத்தது. அங்கே உருவான பியட் 1100, பின்னர் பத்மினி என்று பெயர் மாறியது. பம்பாய்த் தெருக்களில் கறுப்பும் மஞ்சளுமாய் ஓடிய டாக்சியை அறியாத பம்பாய்வாசி உண்டா?

அந்நாளில் கார் வாங்கப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1970களில் நாடு முழுவதிலும் ஓராண்டில் செய்யப்பட்ட பயணக் கார்கள் அரை லட்சத்துக்குள் அடங்கின. ஆகவே, ஆலைத் தொழிலாளிக்கு மதிப்பு மிகுதி. "மோட்டார் கம்பெனியில் வேலை" என்றால் பெண் கொடுக்க முன்வருவார்கள்.

அவ்வேலையின் இயல்பையும் அறிந்துகொள்ள வேண்டும். தகடு அழுத்தும் பிரிவில் இடியோசை. வெல்டிங் பிரிவில் தீப்பொறி. வர்ணப் பிரிவில் காரநெடி. கடைசியில் உறுப்புகளைப் பூட்டும் வரிசை. அங்கே வண்டி நகர்ந்து வரும். ஆள் தன் இடத்தில் நின்று தன் பங்கை முடிக்க வேண்டும். தண்ணீர் குடிக்கப் போவதானாலும் தன் இடத்துக்கு வேறோர் ஆளை நிறுத்திவிட்டே போக வேண்டும். இவ்வட்டாரத்து ஆலை ஒன்றில் முப்பதாண்டு உழைத்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "கதவுக்கும் உடலுக்கும் நடுவே உள்ள இடுக்கை விரலால் தடவியே சொல்லிவிடுவேன், தம்பி. அளவுகோல் பிறகுதான். அதைக் கற்க ஐந்து வருஷம் ஆயிற்று. கற்றுக்கொடுத்தவர் ஒரு மராட்டியர். அவருக்கு நான் தமிழில் இரண்டு வார்த்தை கற்றுக்கொடுத்தேன்."

இங்கே ஒரு கணக்கைப் பார்ப்போம். ஆண்டுக்கு 20 ஆயிரம் கார் செய்யும் ஆலை 300 நாள், நாளொன்றுக்கு 16 மணி நேரம் ஓடினால், ஏறத்தாழ 14 நிமிடத்துக்கு ஒரு கார் வெளிவரும். ஆண்டுக்கு 3 லட்சம் கார் செய்யும் ஆலை அதே 300 நாளில், நாளொன்றுக்கு 20 மணி நேரம் ஓடினால், 72 வினாடிக்கு ஒரு கார். முன்னதில் நிற்பவன் ஒரு வண்டியில் பல வேலைகளைச் செய்து பழகுவான். பின்னதில் நிற்பவனுக்கு ஒரே அசைவு. அதை ஒரு ஷிப்டில் நானூறு முறை செய்ய வேண்டும். ஆலை வேகமாய் வளர்கிறது என்று செய்தித்தாளில் படிக்கும்போது, அவ்வேகம் ஒருவன் தோளிலும் முழங்காலிலும் இறங்குகிறது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

குர்லா ஆலைத் தொழிலாளரும் சங்கம் கண்டனர். காட்கோபரில் மருத்துவம் பார்த்து, கல்லுடைக்கும் தொழிலாளரிடையே தொண்டு தொடங்கிய டாக்டர் தத்தா சாமந்த் அவர்களுக்கும் தலைவரானார். எஞ்சினியரிங் ஆலைகளில் அவர் பெற்றுத் தந்த ஊதிய உயர்வைக் கண்டே பஞ்சாலைத் தொழிலாளரும் அவரை நாடினர். 1982 ஜனவரியில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தம் எத்தனை குடும்பங்களைச் சிதறடித்தது என்பதை நம் இல்லங்களிலும் அறிந்தோர் உண்டு. 1997 ஜனவரியில் அவர் விக்ரோலிக்கு அருகே உள்ள போவாயில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1983இல் மாருதி வந்தது. காத்திருந்த கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. பிரீமியர் நிறுவனம் பிரெஞ்சு நாட்டுப் பெஜோவோடு கூட்டுச் சேர்ந்து கல்யாண் பக்கம் புதுக் கார் செய்ய முயன்றதும் நிலைக்கவில்லை. 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பத்மினி உற்பத்தி முடிவுற்றது. எஞ்சிய டாக்சிகளும் 20 ஆண்டு வரம்பு முடிந்து, 2023 அக்டோபர் இறுதியில் தெருவை விட்டு நீங்கின. உலையும் உருளையும் ஓடிய குர்லா ஆலை இன்று இல்லை.

ஆலை போனபின் யார் தாங்கினர், யார் தளர்ந்தனர்? இக்கேள்விக்கு விடை காணவே இவ்வளவும் கூறினோம். கைத்தொழில் கற்றவர் தாங்கினர். வர்ணம் கலக்கத் தெரிந்தவர், நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்தத் தெரிந்தவர், எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் சிறு பட்டறை வைத்தேனும் பிழைத்தனர். வேலை நாளிலேயே சிறுகச் சேர்த்துச் சொந்தக் கூரை தேடியவர் தாங்கினர். கூலியை மட்டும் பெற்று, மிகுதிநேர வேலைப் பணத்தை அன்றன்றே செலவிட்டவர் தளர்ந்தனர். கண்ட்ராக்டில் வந்து, பெயர் பதிவேட்டில் ஏறாமலே போனவர்க்குக் கேட்பாரும் இல்லை.

இன்று கார்த்தொழில் நம் சொந்த மண்ணிலேயே வளர்ந்து நிற்கிறது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998இல் கார் செய்யத் தொடங்கி, பத்தே ஆண்டில், 2008இல், இரண்டாம் ஆலையும் திறந்தது. இளைஞர் ஆயிரக்கணக்கில் அங்கும், புனே அருகே சாக்கணிலும் செல்கின்றனர். வளர்ச்சி என்பது நிலைபேறு ஆகாது என்பதற்கும் அதே மண்ணில் சான்று உண்டு. மறைமலைநகரில் போர்டு நிறுவனம் 2021இல் கார் உற்பத்தியைக் கைவிட முடிவு செய்து, 2022இல் அதை நிறுத்தியது. பதினைந்து இருபது ஆண்டு உழைத்தோர் இழப்பீட்டுத் தொகைக்காகப் போராட நேர்ந்தது.

ஆகவே, "பெரிய கார் கம்பெனி, மாதம் இவ்வளவு" என்று மகன் வந்து சொல்லும்போது பெற்றோர் சம்பளத்தோடு நிறுத்திவிடாமல் மேலும் சில கேள்விகள் கேட்க வேண்டும். எடுத்துக்கொள்வது கம்பெனியா, கண்ட்ராக்டரா? பயிற்சிக்காலம் எத்தனை மாதம், அதன்பின் நிரந்தரம் உண்டா? ஒரே இடத்தில் நிறுத்துவார்களா, பல பிரிவுகளில் மாற்றிப் பழக்குவார்களா? சேமநல நிதி எண் கைக்கு வந்ததா? அடிபட்டால் எந்த மருத்துவமனை? இரவு ஷிப்ட் முடிந்து தூங்க இடம் எப்படி? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைத்தால் மகிழ்ந்து அனுப்பலாம். கடுமையான வேலை இளைஞனைக் கெடுத்துவிடாது. ஒன்றும் கற்றுத்தராத கடுமையான வேலைதான் கெடுக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குர்லாவில் இறங்குங்கள். ஆக்ரா சாலை வழியே காட்கோபர் கடந்து விக்ரோலி வரை பேருந்தில் செல்லுங்கள். கார் ஆலை இருந்த வட்டாரத்தில் இன்று என்ன இருக்கிறது என்று காட்டுங்கள். பிறகு விக்ரோலியில் இறங்கி, மகேந்திரகிரிக்குச் செல்லும் எஞ்சின் எந்த மதிலுக்குள் உருவாகிறது என்பதையும் சொல்லுங்கள். திரும்பும் வழியில் ஆளுக்கொரு வடாபாவும் தேநீரும் வாங்கிக் கொடுத்தால், பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்குவார்கள். வீட்டில் ஆலை வேலை பார்த்த தாத்தாவோ மாமாவோ இருந்தால் அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். விடை சொல்ல அவரைவிடத் தகுதியானவர் வேறு எவரும் இல்லை.