ஆஸ்பத்திரிக்கா... ஆஸ்பத்திரியிலிருந்தா?

தென்காசியிலிருந்து மேற்படிப்புக்காக இஸ்தான்புல் போனவளுக்கு, முதல் இரண்டு மாதம் துருக்கி மொழி வகுப்பு என்றாலே வயிற்றைக் கலக்கியது. பாடப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. பள்ளியிலேயே ஆங்கில இலக்கணத்துக்குப் பயந்து ஓடியவள் அவள்.

ஒருநாள் இரவு, துருக்கிச் சொற்களுக்குப் பக்கத்தில் தமிழில் எழுதிப் பார்த்தாள். 'எவ்' என்றால் வீடு. 'எவெ' வீட்டுக்கு. 'எவ்தெ' வீட்டில். 'எவ்தென்' வீட்டிலிருந்து. அட, தமிழய்யா நடத்திய அதே வேற்றுமை உருபுகள்! 'கிதாப் ஒகுதும்' என்றால், புத்தகம் படித்தேன். 'கிதாபு ஒகுதும்' என்றால், அந்தப் புத்தகத்தைப் படித்தேன். நம்ம 'ஐ' செய்யும் அதே வேலை.

கேள்வி கேட்க வாக்கியத்தைத் திருப்பிப் போட வேண்டியதில்லை. நம்ம 'ஆ' மாதிரி 'மி' சேர்த்தால் போதும். 'அலி கித்தி மி?' அலி போனானா? 'அலி மி கித்தி?' அலியா போனான்? எதில் சந்தேகமோ, அதற்குப் பின்னால் 'மி' வரும். முந்தைய உயிரொலிக்கு ஏற்ப இவையெல்லாம் கொஞ்சம் உருமாறும். வீட்டில் என்பதற்கு 'எவ்தெ', பள்ளியில் என்பதற்கு 'ஒகுல்தா'. பழக வேண்டியது அதுதான்.

கீழ்வீட்டில் தனியாக இருந்த பாட்டியை, அந்தத் தெருவே கூப்பிடுவதுபோல 'தெய்ஸெ' என்பாள். நம்ம ஊரில் சித்தி, பெரியம்மா என்பதுபோல. ஒரு சாயங்காலம் அங்காராவிலிருந்து பாட்டியின் மகள் போன் செய்தார். அம்மா போனை எடுக்கவில்லையாம்.

"அன்னெம் ஹஸ்தானெயெ மி கித்தி?"

அம்மா ஆஸ்பத்திரிக்கா போனாங்க? குரல் நடுங்கியது. பாட்டி காலையில் பரிசோதனைக்குப் போய்விட்டு மதியமே திரும்பியிருந்தார். படிக்கட்டில் இவள்தான் பையை வாங்கி வீடுவரை கொண்டுபோய்க் கொடுத்தாள். அதைச் சரியாகச் சொல்ல வேண்டும். உருபு மாறினால், அந்த மகள் ராத்திரியோடு ராத்திரியாக பஸ் ஏறிவிடுவார்.

கண்ணை மூடி முதலில் தமிழில் சொல்லிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்துட்டாங்க. வீட்ல இருக்காங்க.

"ஹஸ்தானெதென் கெல்தி. எவ்தெ."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. இவள் கீழே ஓடிக் கதவைத் தட்டினாள். தூக்கக் கலக்கத்தோடு வந்து திறந்த தெய்ஸெயிடம் போனை நீட்டினாள். அம்மாவும் மகளும் பேசி முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு தெய்ஸெ அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தார்.