மணலுக்கு முதலில் எது வேண்டும்?

மணல் நிலம் வைத்திருக்கும் விவசாயிகளிடம் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. ‘வண்டி வண்டியாகத் தொழுவுரம் கொட்டுகிறோம், அடுத்த வருஷம் பார்த்தால் பழையபடி வெறும் மணல்தான். இந்த மண்ணைத் தேற்றவே முடியாதா?’ முடியும். ஆனால், எதை முதலில் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்ற வரிசை தெரிய வேண்டும். எகிப்துப் பாலைவனத்தில் ஒரு மனிதர் செய்த வேலை அந்த வரிசையைத் தெளிவாகக் காட்டுகிறது.

அவர் பெயர் இப்ராகிம் அபுலைஷ். 1937-ல் எகிப்தில் பிறந்தவர். 19 வயதில் படிப்பதற்காக ஆஸ்திரியா போனார். வேதியியலும் மருத்துவமும் படித்து, அங்கேயே மருந்து ஆராய்ச்சியில் வேலை பார்த்தார். கல்யாணம், பிள்ளைகள் என்று வாழ்க்கை அங்கேயே அமைந்துவிட்டது. 1975-ல் தாய்நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவருக்கு, ஊர் இருந்த நிலை மனசை உறுத்தியது.

நைல் நதி வருஷாவருஷம் வெள்ளத்தோடு கொண்டுவந்து போட்ட வண்டல்தான் ஆயிரக்கணக்கான வருஷங்களாக எகிப்து வயல்களுக்கு உரம். 1970-ல் அஸ்வான் உயர் அணை கட்டி முடிந்தபின், அந்த வண்டல் அணைக்குள்ளேயே படிந்துவிட்டது. வயல்கள் ரசாயன உரத்தை நம்பி நின்றன. 1977-ல் குடும்பத்தோடு நாடு திரும்பிய அபுலைஷ், ஏற்கெனவே விளையும் நிலத்தைத் தேடிப் போகவில்லை. கெய்ரோவுக்கு வடகிழக்கே சுமார் 60 கி.மீ. தூரத்தில் 70 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 173 ஏக்கர், வெறும் பாலைவனத்தை வாங்கினார். வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் 25 மி.மீ. மழை நிச்சயமில்லாத பகுதி அது. பண்ணைக்கு ‘செகெம்’ என்று பெயர் வைத்தார்.

முதலில் காற்று

கிணறு தோண்டியதும் பயிர் வைத்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால், பாலை மணலில் பெரிய எதிரி காற்று. இளம் நாற்றை மணல் அறுத்துவிடும். இருக்கும் கொஞ்சம் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். போட்ட எருவைக் காயவைத்துப் பறக்கடித்துவிடும். அதனால் பண்ணையைச் சுற்றியும் ஊடேயும் சவுக்கு, யூகலிப்டஸ் போன்ற மரங்கள் அரணாக வைக்கப்பட்டன. மரம் வளரும்வரை காத்திருப்பது வருமானம் தராத வேலைதான். ஆனால், அந்தக் காத்திருப்பு இல்லாமல் பின்னால் வந்த எதுவும் நின்றிருக்காது.

அந்த மரங்களாலும் தடுக்க முடியாத ஒன்று இருந்தது. பண்ணையில் ஒரு சொட்டு பூச்சிக்கொல்லி தெளிக்காதபோதும், விளைந்த மூலிகைகளில் நஞ்சின் எச்சம் தெரிந்தது. அக்கம்பக்கத்துப் பருத்தி வயல்களுக்கு விமானத்தில் தெளித்த மருந்து காற்றோடு வந்து இறங்கியிருந்தது. 1990-களின் தொடக்கத்தில் இனக்கவர்ச்சிப் பொறிகளை வைத்து, நஞ்சில்லாமல் பருத்தி விளைவித்துக் காட்டினார்கள். பிறகு எகிப்தின் பருத்தி வயல்களில் பூச்சிக்கொல்லி பயன்பாடே பெருமளவு குறைந்தது. தன் மண்ணைக் காப்பாற்றப் பக்கத்து வயலையும் பார்க்க வேண்டியிருந்தது.

அடுத்து மாடு, அதன் பிறகே எரு

காற்று அடங்கியதும் தீவனம் வந்தது. எகிப்தின் குதிரைமசால் போன்ற பெர்சீம் பயறுவகைத் தீவனம். வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும். அதை மாடு தின்னும். சாணமும் பயிர்க்கழிவும் சேர்ந்து மக்கு உரமாகும். அது திரும்ப மணலுக்குப் போகும். நம் ஊரிலும் பலர் தயாரிக்கும் கொம்பு சாண உரம் அந்தப் பண்ணையிலும் உண்டு. ஆனால், அடித்தளம் மக்கு உரக் குவியல்தான்.

பச்சைச் சாணத்தை அப்படியே மணலில் போடாமல், மக்கவைத்துப் போடுவதில் விஷயம் இருக்கிறது. மணல் துகள் பெரியது. தண்ணீரையும் சத்தையும் பிடித்துவைக்க அதற்குக் கை கிடையாது. ஊற்றியது நேரே கீழே இறங்கிவிடும். நன்கு மக்கிய பொருள் துகள்களின் மேல் ஒட்டிக்கொண்டு, அந்தக் கையாக வேலை செய்கிறது. நுண்ணுயிர்களுக்கு வீடும் அதுதான்.

போட்ட எரு எங்கே போகிறது?

சூட்டில் எரிந்துபோகிறது. சுமார் 10 டிகிரி வெப்பம் கூடினால், மக்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். காற்றோட்டம் அதிகமுள்ள மணலில் இது இன்னும் விரைவு. ஒரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண் மட்டும் சுமார் 900 டன் எடை. அதில் அங்ககப் பொருளை 1 சதவிகிதம் கூட்ட, நிலைத்து நிற்கும் பொருளாகவே 9 டன் வேண்டும். தொழுவுரத்தில் பாதி ஈரம், மீதியில் மண்ணும் உண்டு, மிச்சத்திலும் பெரும்பங்கு மக்கிக் கரையும். ஆகவே 9 டன்னுக்குப் பல மடங்கு எரு போட வேண்டும். ‘ரெண்டு வண்டி போட்டேன், ஒண்ணும் தெரியலை’ என்பதற்குக் காரணம் இதுதான்.

சிறு விவசாயி என்ன செய்யலாம்? 173 ஏக்கர் வாங்கவும் கிணறுகள் தோண்டவும் பணம் வேண்டும். அது எல்லோருக்கும் கிடையாது. ஆனால், வரிசையை யாரும் எடுத்துக்கொள்ளலாம். காற்று வரும் பக்கம் உயிர்வேலி. இருக்கும் எருவை நிலம் முழுக்க இறைக்காமல், குழியிலும் பயிர் வரிசையிலும் மட்டும் போடுவது. இடையில் தக்கைப்பூண்டோ, பலதானியமோ விதைத்து மடக்கி உழுவது. மூடாக்கு போட்டு வெயிலை மண்ணில் படவிடாமல் வைப்பது. ஏரி வண்டல் கிடைத்தால், உப்பு இருக்கிறதா என்று பரிசோதித்துவிட்டு எருவோடு கலந்து போடுவது. வண்டலில் உள்ள களிமண், மக்கிய பொருளைச் சீக்கிரம் கரையவிடாது.

தண்ணீரில் ஒரு எச்சரிக்கை தேவை. வறண்ட நிலத்தில் உப்புத் தண்ணீரைத் தொடர்ந்து பாய்ச்சினால், தண்ணீர் ஆவியாகி, உப்பு மேலே தங்கிவிடும். அந்த நிலத்தை எருவால் மட்டும் மீட்க முடியாது. கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்காமல் செலவு செய்ய வேண்டாம்.

அபுலைஷின் வேலைக்கு 2003-ல் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது கிடைத்தது. 2017-ல் அவர் காலமானார். பண்ணை இன்றும் நடக்கிறது. மக்கு உரமும் வருஷாவருஷம் போகிறது. நிறுத்தினால் அந்த மண் மெல்ல மெல்லப் பழைய மணலாகிவிடும். மணல் நிலத்தில் எரு போடுவது ஒருமுறை செய்து முடிக்கும் செலவல்ல. மாட்டுக்குத் தீனி போடுவதைப் போல அன்றாட வேலை. அதற்கு முன், காற்றைக் கட்டிவிட வேண்டும்.